முகத்துல செவப்பு பொரி மாசக்கணக்கா போகலையா? மொதல்ல நீங்க தடவுற ட்யூபை திருப்பிப் பாருங்க

முகத்துல செவப்பு செவப்பா பொரி வந்து ரெண்டு மூணு மாசம் ஆகியும் அடங்கலைன்னா, அதை பருன்னு நீங்களே முடிவு பண்ணிட்டு க்ரீமா மாத்தி மாத்தி தடவுறதை இன்னியோட நிறுத்துங்க. பாக்குறதுக்கு ஒரே மாதிரி இருக்குற பொரிக்குப் பின்னாடி நெறைய வேற வேற காரணம் இருக்கு, ஒண்ணுக்கு மருந்தா இருக்குறது இன்னொண்ணை கிளப்பி விட்டுடும். நான் கடலூர்ல ஒரு மெடிக்கல்ல பார்மசிஸ்ட்டா இருக்கேன், டாக்டர் கிடையாது, அதனால இதைப் படிச்சுட்டு நீங்களே வைத்தியம் பண்ணிக்கலாம்னு சொல்ல வரல, எதைப் பாக்கணும் எதை நிறுத்தணும் எப்போ டாக்டர்கிட்ட போகணும்னு தெரிஞ்சுக்கிட்டா பணமும் மிச்சம் முகமும் மிச்சம்.

கவுன்டர்ல அடிக்கடி நடக்குறது இது. ஒரு பொண்ணு வருவா, கைப்பையிலேர்ந்து ஒரு அலுமினிய ட்யூபை எடுப்பா, அடியிலேர்ந்து சுருட்டி சுருட்டி கழுத்து வரைக்கும் தட்டையாக்கியிருப்பா, பேர்ல பாதி அழிஞ்சிருக்கும். "அக்கா இதே ஒண்ணு குடுங்க, இதைப் போட்டா நல்லா அடங்குது, ரெண்டு நாள் நிறுத்துனா மறுபடி பொங்கிக்கிட்டு வந்துடுது"ன்னு சொல்லுவா. போட்டா அடங்குது நிறுத்துனா வருதுன்னு யாராவது சொன்னா எனக்கு மொதல்ல வர்ற சந்தேகம் ஸ்டீராய்டுதான். யார் எழுதிக் குடுத்தாங்கன்னு கேட்டா பக்கத்து வீட்டு அக்கா, பார்லர்ல சொன்னாங்க, கல்யாணத்துக்கு முன்னாடி கலர் வர்றதுக்கு போட்டேன், இப்படித்தான் பதில் வரும்.

அதனால மொத வேலை, வீட்ல இருக்குற எல்லா ட்யூபையும் எடுத்து வெளிச்சத்துல வச்சு பின்பக்கம் இருக்குற பொடி எழுத்தைப் படிங்க, எழுத்து சின்னதா இருந்தா போன்ல போட்டோ எடுத்து பெருசாக்கிப் பாருங்க. பீட்டாமெத்தசோன், குளோபிட்டசால், மொமெட்டசோன், ஃப்ளுவோசினோலோன், பெக்லோமெத்தசோன், ஹைட்ரோகார்டிசோன், இதுல எந்தப் பேர் இருந்தாலும் அது ஸ்டீராய்டு க்ரீம். இதுல ஹைட்ரோகார்டிசோன் லேசானது, குளோபிட்டசால் ரொம்ப ஸ்ட்ராங். வெள்ளையாகுற க்ரீம்னு விக்கிற சிலதுல ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன் மூணும் சேர்ந்து இருக்கும், அது மங்குக்கு டாக்டர் பாத்து கொஞ்ச நாளைக்கு மட்டும் குடுக்க வேண்டியது, ஃபேர்னஸ் க்ரீம் கிடையாது. ட்யூப்ல ஆர்எக்ஸ்னு போட்டு பக்கத்துல செவப்புக் கோடு இருந்தா டாக்டர் சீட்டு இல்லாம குடுக்கக்கூடாத மருந்துன்னு அர்த்தம். 2018லயே மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு பூச்சு மருந்தை ஷெட்யூல் ஹெச்ங்குற, டாக்டர் சீட்டு இருந்தாத்தான் விக்கணும்ங்குற மருந்துப் பட்டியலுக்குள்ள கொண்டு வந்துட்டாங்க, ஆனாலும் பேரைச் சொன்னா எடுத்துக் குடுக்குற கடை இன்னும் இருக்குங்குறதுதான் எனக்கு வயித்தெரிச்சல்.

முகத்துத் தோல் கை கால் தோலை விட மெல்லிசு, மருந்தை சீக்கிரம் இழுத்துக்கும். ஸ்டீராய்டு மொதல்ல செவப்பை அமுக்கிடும், முகம் பளிச்சுன்னு தெரியும், ஒரு மாசம் ரெண்டு மாசம் போனதும் தோல் இன்னும் மெலிஞ்சு நரம்பு மாதிரி செவப்புக் கோடு தெரியும், வெயில்ல போனா எரியும், பூனை முடி வளரும், ஒரே சைஸ்ல செவப்பு பொரி வரிசையா கிளம்பும். அந்தப் பொரிக்கும் அதே க்ரீமை தடவுவாங்க. இந்த நிலைமைக்கு தோல் டாக்டர்கள் தனிப் பேரே வச்சிருக்காங்க, டாபிக்கல் ஸ்டீராய்டு டேமேஜ்டு ஃபேஸ்னு, நம்ம நாட்டுல அவ்வளவு பாக்குறாங்க.

இப்போ இதைப் படிச்சதும் பயந்துபோய் ட்யூபை தூக்கி குப்பையில போட்டுடாதீங்க. பல மாசமா போட்டதை டக்குன்னு நிறுத்துனா சில நாள்லயே முகம் நெருப்பா எரிஞ்சு வீங்கி முன்னைய விட மோசமா பொரி வரும், அதைத் தாங்க முடியாமத்தான் எல்லாரும் திரும்ப அதே ட்யூபுக்கு வர்றாங்க. டாக்டர்கிட்ட போனா வீரியம் கம்மியானதுக்கு மாத்தி, நாள் இடைவெளி விட்டு, கூடவே டாக்ரோலிமஸ் மாதிரி ஸ்டீராய்டு இல்லாத ஆயின்மென்ட்டோ மாத்திரையோ குடுத்து மெதுவா வெளிய கொண்டு வருவாங்க. முழுசா சரியாக சில வாரமோ பல மாசமோ ஆகும், நடுவுல கண்ணாடியப் பாத்து மனசு விட்டுடாதீங்க, அந்த எரிச்சல் கட்டம் கடந்து போகும்.

சரி, ஸ்டீராய்டு எதுவும் போடலை, அப்பவும் பொரி இருக்குன்னா? காலைல மூஞ்சி கழுவி பவுடர் எதுவும் போடாம ஜன்னல் பக்கத்துல நின்னு கண்ணாடியில பொறுமையா பாருங்க. பொரிக்கு நடுவுல கரும்புள்ளி, வெள்ளைப் புள்ளி இருக்கா, அரிக்குதா வலிக்குதா எரியுதா, நெத்தியிலயா கன்னத்துலயா வாயைச் சுத்தியா தாடையிலயா, எல்லாம் ஒரே சைஸா இருக்கா இல்ல பெருசும் சின்னதுமா கலந்திருக்கா, இது வர்றதுக்கு முன்னாடி புதுசா என்ன ஆரம்பிச்சீங்க. இந்த நாலஞ்சு கேள்விக்கு பதில் கெடச்சாலே பாதி வழி தெரிஞ்சிடும்.

கரும்புள்ளி வெள்ளைப்புள்ளியோட பெருசு சின்னது சீழ் கட்டினது எல்லாம் கலந்து இருந்தா அது நெஜமாவே பருதான். வயசுப் பசங்களுக்கு மட்டும்னு இல்ல, முப்பது நாப்பது வயசுலயும் வரும். பெண்களுக்கு தாடை ஓரமா ஆழமா வலியோட வந்து, பீரியட்ஸும் தள்ளித் தள்ளிப் போய், மோவாய்ல முடியும் வளர்ந்தா பி.சி.ஓ.டி, அதாவது சினைப்பை நீர்க்கட்டி, இருக்கான்னு பாக்கணும், அப்போ க்ரீம் மட்டும் பத்தாது. பருவுக்கு பொதுவா குடுக்குறது ராத்திரிக்கு அடாபலீன் 0.1% ஜெல், கூட பென்சாயில் பெராக்சைடு 2.5%. அடாபலீனை பரு மேல மட்டும் புள்ளி வைக்குறாங்க, அது தப்பு, ஒரு பட்டாணி அளவு எடுத்து கண்ணு, மூக்கோரம், உதட்டோரம் விட்டுட்டு முகம் முழுக்க மெல்லிசா பரப்பணும், ஏன்னா புதுசா வரப்போற பருவையும் சேர்த்து தடுக்குறதுதான் அதோட வேலை. மொத ரெண்டு மூணு வாரம் காஞ்சு தோலுரியும், அதனால ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆரம்பிச்சு மேல மாய்ஸ்சரைசர் போட்டுக்கோங்க. பென்சாயில் பெராக்சைடு பட்ட துண்டும் தலகாணி உறையும் கலர் போயிடும், வெள்ளைத் துணியா வச்சுக்கோங்க, இதைச் சொல்லாம குடுத்தா மறுநாளே சண்டைக்கு வருவாங்க.

முக்கியமான விஷயம், பரு மருந்து வேலை செய்ய 8லேர்ந்து 12 வாரம் ஆகும். பத்து நாள்ல ஒண்ணும் ஆகலைன்னு நிறுத்திட்டு அடுத்த ட்யூப் வாங்குறதாலயே நெறைய பேருக்கு வருஷக்கணக்கா போகாம இருக்கு. கிளிண்டமைசின் ஜெல்லை மட்டும் தனியா மாசக்கணக்கா தடவுறதும் நல்லதில்ல, கிருமி அந்த மருந்துக்கு பழகிடும், கூட பென்சாயில் பெராக்சைடு சேர்த்துதான் குடுப்பாங்க. அதிகமா இருந்தா டாக்சிசைக்ளின் மாத்திரை எழுதுவாங்க, அதை நெறைய தண்ணியோட முழுங்கிட்டு உடனே படுக்கக்கூடாது, நெஞ்சுக்குழாய் புண்ணாகும், வெயில்லயும் தோல் சீக்கிரம் கருகும். தழும்பு விழுற அளவு கட்டி கட்டியா வந்தா ஐசோட்ரெட்டினாயின், நல்லா கேக்குற மருந்து, ஆனா கர்ப்பத்துல இருக்குற குழந்தைக்கு பெரிய ஊனம் உண்டாக்கும், அதனால சாப்பிடுற காலத்துலயும் நிறுத்தி ஒரு மாசம் வரைக்கும் கர்ப்பம் ஆகவே கூடாது, நடுவுல ரத்த டெஸ்ட்டும் பாக்கணும். இதை தோழி சாப்பிட்டான்னு வாங்கி சாப்பிடுற மருந்து கிடையாது. கர்ப்பமா இருக்குறவங்க, ஆகலாம்னு இருக்குறவங்க அடாபலீன், டாக்சிசைக்ளின் கூட வேணாம், டாக்டர்கிட்ட சொன்னா அசெலாயிக் ஆசிட் மாதிரி வேறதா தருவாங்க.

நெத்தியில, முடி ஆரம்பிக்கிற ஓரத்துல, கூடவே நெஞ்சு முதுகுலயும் குண்டூசித் தலை சைஸ்ல எல்லாம் ஒரே மாதிரி பொரிஞ்சு, முக்கியமா அரிப்பும் இருந்தா, கரும்புள்ளியும் இல்லைன்னா அது பூஞ்சையால வர்றதா இருக்கலாம். மலசீசியான்னு ஒரு ஈஸ்ட், எல்லார் தோல்லயும் இருக்குறதுதான், பொடுகுக்கும் அதுக்கும் சம்பந்தம் உண்டு. நம்ம கடலோரத்துல காத்துல எப்பவும் ஈரம், கத்திரி வெயில் சமயத்துல சொல்லவே வேணாம், சிப்காட்ல ஷிஃப்ட் முடிச்சு ஹெல்மெட்டோட பாண்டி ரோட்ல வர்ற பசங்களுக்கு வேர்வை காயறதே இல்ல. அதுக்கு மேல தலைக்கு வச்ச தேங்காண்ணெய் நெத்தியில வழிஞ்சா அந்த ஈஸ்ட்டுக்கு விருந்துதான், எண்ணெயில இருக்குற கொழுப்புதான் அதுக்கு சாப்பாடு. இதுக்கு ஆன்டிபயாடிக் போட்டா இன்னும் ஜாஸ்தியாகும், அதான் டாக்சிசைக்ளின் சாப்பிட்டும் ஏறிக்கிட்டே போகுதுன்னா இதை யோசிக்கணும். டாக்டர் தோலை லேசா சுரண்டி மைக்ராஸ்கோப்ல பாப்பாங்க, கீட்டோகோனசோல் ஷாம்பூவோ க்ரீமோ, தேவைப்பட்டா மாத்திரையோ குடுப்பாங்க. நீங்க பண்ண வேண்டியது ஹெல்மெட் உள்துணியை துவைச்சுக் காய வைக்கிறது, வேர்த்தா கழுவுறது, எண்ணெயை ராத்திரி வச்சுட்டு அப்படியே தூங்காம குளிக்கிறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி வச்சு அலசிடறது. எண்ணெய் குளியலை விடச் சொல்லல, முகத்துல வழிய விடாதீங்கன்னுதான் சொல்றேன்.

கன்னம், மூக்கு, மோவாய்னு முகத்து நடுப்பகுதியில செவப்பு பொரி, கரும்புள்ளி இல்ல, டீ குடிச்சா, காரம் சாப்பிட்டா, வெயில்ல நின்னா, சரக்கு அடிச்சா மூஞ்சி குப்புன்னு சூடாகி எரியுதுன்னா அது ரோசேசியா. வெள்ளைக்காரங்களுக்குத்தான் வரும்னு ஒரு நெனப்பு இருக்கு, நமக்கும் வரும், மாநிறத் தோல்ல செவப்பு சரியா தெரியாததால கண்டுபிடிக்காம விட்டுடறாங்க, அதனால நிறத்தை விட எரிச்சலையும் சூட்டையும் கவனிங்க. முப்பது வயசுக்கு மேல வர்றதுதான் ஜாஸ்தி. ஹோட்டல் அடுப்புகிட்ட நிக்கிறவங்க, கடலுக்குப் போறவங்களுக்கு அனலும் வெயிலும் இதைக் கிளப்பி விடும். கண்ணுல மணல் விழுந்த மாதிரி உறுத்தல் இருந்தா கண்டிப்பா டாக்டர்கிட்ட சொல்லுங்க, ரோசேசியா கண்ணையும் பாதிக்கும். மெட்ரோனிடசோல் ஜெல், ஐவர்மெக்டின் 1% க்ரீம், அசெலாயிக் ஆசிட் இதெல்லாம் குடுப்பாங்க, பருவுக்கு போடுற காரமான க்ரீம் இதுக்கு ஆகாது. இது வந்து வந்து போற சமாச்சாரம், உங்களுக்கு எது சாப்பிட்டா எங்க நின்னா ஏறுதுன்னு ஒரு நோட்ல எழுதி வச்சா உங்க காரணம் உங்களுக்கே பிடிபடும்.

வாயைச் சுத்தி மட்டும், உதட்டை ஒட்டி ஒரு கோடு மாதிரி இடம் விட்டுட்டு பொடிப் பொடியா செவப்பா வந்தா பெரியோரல் டெர்மடைட்டிஸ்னு சொல்லுவாங்க. இதுக்கும் பெரும்பாலும் ஸ்டீராய்டு க்ரீம்தான் காரணம், ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் அடிக்கிறவங்களுக்கும் வரலாம், அதுக்காக இன்ஹேலரை நிறுத்திடாதீங்க, அடிச்சதும் வாய் கொப்பளிச்சு முகம் கழுவுங்க.

வட்டமா ஓரம் தூக்கி நடுவுல வெளுத்து அரிச்சா படர்தாமரை, முகத்துலயும் வரும். அதுக்கு ஸ்டீராய்டு கலந்த அரிப்பு க்ரீமைப் போட்டு வட்ட வடிவமே கலைஞ்சு போய் வெறும் செவப்பு பொரியா ஆனவங்களை டாக்டரே சட்டுன்னு கண்டுபிடிக்கிறது கஷ்டம். வீட்ல ஒருத்தருக்கு இருந்தா எல்லாரையும் காட்டணும், துண்டு தனித்தனி.

இன்னொண்ணு நம்ம மாவட்டத்துல பாக்குறது. பண்ருட்டி காடாம்புலியூர் பக்கம் முந்திரி உடைக்கிற வேலைக்குப் போறவங்க கையில படுற அந்தக் கொட்டை எண்ணெய் தோலை பொத்துப்போக வைக்கும், அதே கையோட மூஞ்சைத் தொட்டாலோ வேர்வையத் துடைச்சாலோ முகத்துல செவந்து கொப்புளமாகி கருத்துப் போகும், அலர்ஜி ஆனவங்களுக்கு கொஞ்சம் பட்டாலே போதும். கையுறை போடுங்க, முகம் துடைக்க தனித் துணி வச்சுக்கோங்க, சாப்பாட்டுக்கு உக்கார்றதுக்கு முன்னாடி சோப்பு போட்டு முழங்கை வரைக்கும் கழுவுங்க. வயல் பக்கம் வேலை செய்றவங்களுக்கு கண் இமை, கழுத்து, முழங்கை மடிப்புன்னு அரிச்சு தடிச்சா பார்த்தீனியம் செடியா இருக்கலாம், அது காத்துல வந்தே தோல்ல படும். தலைக்கு டை அடிச்சு ரெண்டு மூணு நாள்ல நெத்தி, காதோரம் பொரிஞ்சா டை அலர்ஜி, அடுத்த தடவை அடிச்சா இன்னும் பலமா வரும், பிராண்டை மாத்துனா சரியாகும்னு நினைக்காதீங்க, பெரும்பாலான டையில அதே கெமிக்கல்தான். நெத்தியில பொட்டு வைக்கிற இடத்துல மட்டும்னா ஸ்டிக்கர் பசை. ஷேவ் பண்ற இடத்துல மட்டும்னா முடி உள்ளே வளைஞ்சு குத்துறது, ரேசரை எதிர்ப்பக்கமா இழுக்காதீங்க, கொஞ்ச நாள் ட்ரிம்மர் போடுங்க. கத்திரியில பொடியா வந்து ஃபேன் காத்துல ரெண்டு மூணு நாள்ல அடங்குனா வெறும் வேர்க்குரு.

வேற நோய்க்கு சாப்பிடுற மாத்திரையாலயும் வரும். டிபி மருந்து, வலிப்பு மருந்து சிலது, மனநலத்துக்கு குடுக்குற லித்தியம், ஸ்டீராய்டு மாத்திரை, ஜிம் பசங்க உடம்பு ஏத்த போட்டுக்கிற ஊசி, பி12 ஊசி கூட. டிபி மாத்திரையை மட்டும் முகத்துக்காக எந்தக் காரணத்துக்கும் நீங்களா நிறுத்தாதீங்க, குடுத்த இடத்துலயே போய் சொல்லுங்க.

காரணம் எதுவா இருந்தாலும் டாக்டரைப் பாக்குற வரைக்கும் வீட்ல பண்ண வேண்டியது ரொம்ப சிம்பிள். வாசனை இல்லாத மைல்டு ஃபேஸ்வாஷ் காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணு, அப்புறம் எண்ணெய்ப்பசை இல்லாத மாய்ஸ்சரைசர், வெளிய போறதுக்கு முன்னாடி எஸ்.பி.எஃப் 30க்கு மேல சன்ஸ்க்ரீன், அவ்வளவுதான். உப்புத் தண்ணி வர்ற போர் வீடுன்னா சோப்பு சரியா அலசாம தோல்ல தங்கி வறட்சியாக்கும், முகத்துக்கு மட்டும் நல்ல தண்ணி ஒரு சொம்பு தனியா வச்சுக்கோங்க. எலுமிச்சைச் சாறு, பேக்கிங் சோடா, டூத்பேஸ்ட் மூணும் வேணவே வேணாம். எலுமிச்சை தடவிட்டு சில்வர் பீச் வெயில்ல ஒரு ரவுண்டு போனா தோல் வெந்து கருப்புத் திட்டு விழும், அது போக மாசக்கணக்கா ஆகும். முல்தானி மெட்டி, கடலை மாவு தேய்க்கிறது, ஸ்க்ரப், ப்ளீச், பார்லர் ஃபேஷியல் எல்லாத்துக்கும் பொரி அடங்குற வரைக்கும் லீவு விடுங்க. கஸ்தூரி மஞ்சள் எல்லாருக்கும் ஒத்துக்கும்னு கிடையாது, மஞ்சளுக்கே அலர்ஜி இருக்குறவங்க உண்டு. சாப்பாட்டுல சர்க்கரை, மைதா, கூல்ட்ரிங்க்ஸ் கொறைச்சா பருவுக்கு நல்லது, ஜிம்ல வே புரோட்டீன் குடிக்கிற தம்பிங்க ஒரு ரெண்டு மாசம் நிறுத்திப் பாருங்க.

பிதுக்காதீங்க, குறிப்பா மூக்குக்கும் மேல் உதட்டுக்கும் நடுவுல. அந்த இடத்து ரத்தக்குழாய் உள்ள மூளைப் பக்கம் போய் சேருது, அரிதா நடக்குறதுன்னாலும் கிருமி அங்க போனா உசிருக்கே ஆபத்து.

இதெல்லாம் இருந்தா தள்ளிப் போடாம போங்க: மூக்குத்தண்டுலேர்ந்து ரெண்டு கன்னத்துக்கும் பட்டாம்பூச்சி இறக்கை மாதிரி செவப்பு, கூட மூட்டு வலி, வாய்ப்புண், முடி கொட்டறது, அது லூப்பஸா இருக்கலாம், உடம்போட எதிர்ப்பு சக்தியே உடம்பைத் தாக்குற நோய், ரத்த டெஸ்ட் வேணும். காது மடல் தடிக்கிறது, முகத்துல முடிச்சு முடிச்சா எண்ணெய் பூசுன மாதிரி பளபளப்பு, உடம்புல எங்கயாவது உணர்ச்சி இல்லாத தேமல், இது தொழுநோயா இருக்கலாம், மாத்திரையால முழுசா குணமாகுற நோய், அரசாங்கத்துல மருந்து இலவசம், வெக்கப்பட்டு மறைக்க ஒண்ணுமே இல்ல. ஒரு பக்கம் மட்டும் எரிச்சலும் வலியுமா கொப்புளம் கண்ணுகிட்ட வந்தா அக்கி, அன்னிக்கே போகணும். ஒரே ஒரு கட்டி ஆறாம ரத்தம் கசிஞ்சுக்கிட்டே இருந்தா அதையும் காட்டிடுங்க.

எங்க போறதுன்னா கடலூர் அரசு தலைமை மருத்துவமனை இருக்கு, சிதம்பரம் பக்கத்துக்காரங்களுக்கு முன்ன ராஜா முத்தையான்னு இருந்து இப்போ கடலூர் அரசு மருத்துவக் கல்லூரி ஆன இடம், பாண்டிச்சேரி பக்கம்னா கதிர்காமம் இந்திரா காந்தி மருத்துவக் கல்லூரி, கோரிமேடு ஜிப்மர். ஜிப்மர்ல கூட்டம் ஜாஸ்தி, காலைலயே கிளம்புங்க. போறப்ப இதுவரைக்கும் தடவுன எல்லா ட்யூபையும், காலியானதையும் சேர்த்து, ஒரு கவர்ல போட்டு எடுத்துட்டுப் போங்க, எத்தனை மாசம் போட்டீங்கன்னு மறைக்காம சொல்லுங்க, பொரி ரொம்ப ஏறுன நாள்ல எடுத்த போட்டோவும் காட்டுங்க, மேக்கப் இல்லாம போங்க.

சீட்டு வாங்கிட்டு மெடிக்கலுக்கு வந்தப்புறமும் ஒரு வேலை இருக்கு. ஒரே பேர்ல ஆரம்பிச்சு பின்னாடி ப்ளஸ், என், சி, ஜிஎம்னு ஒட்டிக்கிட்டு வர்ற ட்யூப் நெறைய இருக்கு, டாக்டர் எழுதுனது வெறும் பூஞ்சை க்ரீமா இருக்கும், அந்த வால் ஒட்டுனதுல ஸ்டீராய்டு கலந்திருக்கும், டப்பா ரெண்டும் பாக்க ஒரே மாதிரி. அதனால சீட்டுல இருக்குற பேரும் ட்யூப்ல இருக்குற பேரும் கடைசி எழுத்து வரைக்கும் ஒண்ணான்னு கவுன்டர்லயே நின்னு பாருங்க, பின்னாடி உள்ள பொடி எழுத்தையும் ஒரு தடவை படிச்சுக் காட்டச் சொல்லுங்க, படிச்சுக் காட்ட வேண்டியது எங்க வேலை. அது இல்ல இதே மாதிரி இன்னொண்ணு இருக்கு, தரட்டுமான்னு கேட்டா டாக்டர்கிட்ட கேக்காம வாங்காதீங்க.